எண்ணெயை அறவே நிறுத்தியும் ட்ரைகிளிசரைடு ஏறியது ஏன்?

வெறும்வயிறு | பிப்ரவரி 4, இரவு 9.50

ரெண்டரை மாசமா எண்ணெய், வெண்ணெய், முட்டை, இறைச்சி எதுவும் கிடையாது. எல்லாம் வேகவச்சதுதான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தா ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல ஓடுற கொழுப்பு) ஏறி நிக்குது.

முன்னாடி: மொத்தக் கொலஸ்ட்ரால் 236, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்றது) 38, ட்ரைகிளிசரைடு 240, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 150.
இப்போ: மொத்தம் 222, எச்டிஎல் 33, ட்ரைகிளிசரைடு 310, எல்டிஎல் 127.

எல்டிஎல் 23 குறைஞ்சதுல சந்தோஷம். ஆனா கொழுப்பையே தொடாதவன் ரத்தத்துல கொழுப்பு எங்கிருந்து வருது? லேப்ல மாத்திப் போட்டுட்டாங்களா?

தராசு | பிப்ரவரி 5, காலை 6.10

லேப் மேல் பழி போட வேண்டாம். எதை நிறுத்தினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எதை வைத்தீர்கள் என்று எழுதவில்லை. வயிறு காலி இடத்தைச் சும்மா விடாது. ஒரு நாள் முழுக்க உள்ளே போனதை, குடித்ததையும் சேர்த்து, அளவோடு போடுங்கள். "கொஞ்சம்", "ஓரளவு" கூடாது.

வெறும்வயிறு | பிப்ரவரி 5, இரவு 10.20

காலை: பழச்சாறு 300 மில்லி (சர்க்கரை போடாதது), ஓட்ஸ் ரெண்டு கரண்டி, மேல தேன். மதியம்: சோறு, காய், கொஞ்சம் பருப்பு. சாயங்காலம்: தேன் போட்ட காபி, கொழுப்பில்லாத பிஸ்கட் 6. இரவு: மறுபடி சோறு, காய். தேன் நாளைக்கு மொத்தம் 3 மேசைக்கரண்டி. சோறு எடை போட்டதில்ல, தட்டு நிறைய. மது வாரக் கடைசியில மட்டும். முன்னாடி எண்ணெய் என் பங்குக்கு நாளைக்கு 3 மேசைக்கரண்டி இருந்திருக்கும்.

அரைக்கரண்டி | பிப்ரவரி 5, இரவு 10.31

கேள்வியிலேயே பதில் தேனா வழியுது.

தராசு | பிப்ரவரி 6, காலை 5.40

கணக்குப் போடுவோம்.

வெளியே போனது: எண்ணெய் 3 மேசைக்கரண்டி. ஒன்றுக்கு 120 கலோரி, ஆக 360.

உள்ளே வந்தது: தேன் ஒரு மேசைக்கரண்டி 21 கிராம், அதில் 17 கிராம் சர்க்கரை. மூன்றுக்கு 51 கிராம். பழச்சாறு 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை, 300 மில்லிக்கு 30. இரண்டும் சேர்ந்து 81 கிராம், 324 கலோரி. எண்ணெய் போன இடத்தைச் சர்க்கரை கிட்டத்தட்ட அப்படியே நிரப்பிவிட்டது. பிஸ்கட்டையும் சோற்றையும் இன்னும் கணக்கில் சேர்க்கவேயில்லை.

இப்போது கல்லீரலில் நடப்பது. ட்ரைகிளிசரைடு ரத்தத்துக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, சாப்பிட்ட கொழுப்பு: குடலிலிருந்து கைலோமைக்ரான் என்ற பெரிய உருண்டைகளாகக் கிளம்பி, சாதாரணமாகச் சில மணி நேரத்தில் காலியாகிவிடும். 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து கொடுத்த ரத்தத்தில் அது பெரும்பாலும் இருக்காது. இரண்டாவது, கல்லீரல் தானே கட்டி அனுப்பும் விஎல்டிஎல் என்ற கொழுப்பு உருண்டைகள். நீங்கள் பார்க்கும் 310இல் பெரும்பங்கு இதுதான். தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றும். கூடவே இன்சுலின் ஏறியிருப்பதால் உள்ளே இருக்கும் கொழுப்பை எரிக்காமல் மூட்டை கட்டி வெளியே தள்ளும். தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள பிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலிலேயே கையாளப்படுவது, அதனால் இந்த வேலைக்கு நேர்வழி.

கொழுப்பைத் தொடாதவன் ரத்தத்தில் கொழுப்பு எங்கிருந்து என்று கேட்டீர்கள். உள்ளூர் உற்பத்தி.

எச்டிஎல் 38இலிருந்து 33க்கு இறங்கியதும் இதே கதைதான். ட்ரைகிளிசரைடு ஏறினால் எச்டிஎல் இறங்கும், ஏற்ற இறக்கப் பலகையின் மறுமுனை.

தராசு | பிப்ரவரி 6, காலை 6.05

எல்டிஎல் குறைந்த சந்தோஷத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான ரிப்போர்ட்டில் எல்டிஎல் அளக்கப்படுவதில்லை, கழித்துப் பெறப்படுகிறது. 1972இல் வந்த ஃபிரீடுவால்ட் சூத்திரம்: மொத்தம் கழித்தல் எச்டிஎல் கழித்தல் (ட்ரைகிளிசரைடு வகுத்தல் 5). அந்த வகுத்தல் 5 என்பது விஎல்டிஎல்லில் உள்ள கொலஸ்ட்ராலுக்கு ஒரு உத்தேச மதிப்பு. உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள்:

முன்பு 236 - 38 - 48 = 150.
இப்போது 222 - 33 - 62 = 127.

ட்ரைகிளிசரைடு ஏறியதால் கழிபடும் எண் 48இலிருந்து 62 ஆகிவிட்டது. அதாவது 23 இறக்கத்தில் 14, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நகர்ந்தது. வீட்டை விட்டு வெளியே போகவில்லை. இந்தக் குழப்பம் வராத எண் ஒன்று உண்டு: மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள். முன்பு 198, இப்போது 189. உண்மையான லாபம் 9.

இந்த "எச்டிஎல் அல்லாதது" என்ற எண்ணை ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டினால் இதற்கான இலக்கு. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரமே செல்லாது, நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

வெறும்வயிறு | பிப்ரவரி 6, மதியம் 1.15

ரெண்டரை மாசப் பட்டினிக்கு 9 தானா. சரி, அப்போ எண்ணெயைத் திரும்ப ஊத்திக்கலாம்னு சொல்றீங்களா?

தராசு | பிப்ரவரி 6, இரவு 9.30

ஊற்ற வேண்டாம், அளந்து விடுங்கள்.

இரண்டு எண், இரண்டு குழாய். எல்டிஎல் குழாயைத் திறப்பது நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும். கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து இழுக்க வைத்திருக்கும் கொக்கிகளை நிறைவுற்ற கொழுப்பு குறைத்துவிடும். ட்ரைகிளிசரைடு குழாயைத் திறப்பது சர்க்கரை, மிதமிஞ்சிய மாவு, மது, உடல் எடை. ஒன்றை மூடும் கையாலேயே மற்றதைத் திறந்ததுதான் இங்கே நடந்த பிழை. நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு நிறைவுறாத எண்ணெயை வைத்தால் எல்டிஎல் இறங்கும், ட்ரைகிளிசரைடு ஏறாது. அதே இடத்தில் வெள்ளை மாவை வைத்தால் எல்டிஎல் இறங்கும், ட்ரைகிளிசரைடு ஏறும், எச்டிஎல்லும் விழும். உங்கள் ரிப்போர்ட் இந்த இரண்டாம் வாக்கியத்தின் படம்.

நிறைவுற்ற கொழுப்புக்கு வரம்பு: எல்டிஎல் குறைக்க வேண்டியவருக்கு மொத்தக் கலோரியில் 6 சதவீதம். 2000 கலோரிக்கு 13 கிராம். இதை எதில் செலவழிக்கிறோம் என்பதுதான் விஷயம். வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 7 கிராம். தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 11க்கு மேல், அன்றைய கணக்கு ஏறக்குறைய அதிலேயே முடிந்தது. பனை எண்ணெயில் பாதி நிறைவுற்றது, பொரித்த பாக்கெட் தின்பண்டங்களில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அதுதான். ஆலிவ், எள் எண்ணெய்கள் ஒரு மேசைக்கரண்டிக்கு 2 கிராமை ஒட்டி, சூரியகாந்தி இன்னும் குறைவு.

முட்டையைப் பற்றி: ஒரு பெரிய முட்டையில் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். மஞ்சள் கருவில் கொலஸ்ட்ரால் 186 மில்லிகிராம் இருக்கிறது, ஆனால் தின்னும் கொலஸ்ட்ரால் ரத்தத்தில் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு ஏற்றுவதைவிடக் குறைவு. எல்டிஎல் 140க்கு மேல் நிற்கும்போது தினம் மூன்று வேண்டாம். வாரத்துக்கு நாலைந்து என்றால் அதில் முட்டையைவிட அதை எதில் பொரிக்கிறீர்கள் என்பதே பெரிய கேள்வி.

அரைக்கரண்டி | பிப்ரவரி 7, காலை 8.00

எண்ணெயை "அளந்து விடுங்கள்"னு சொல்றது சுலபம். கரண்டி எடுத்து அளக்கிறவங்க ரெண்டு நாளைக்கு மேல அளக்க மாட்டாங்க. இதைவிட உருப்படியான வழி: ஞாயிற்றுக்கிழமை காலையில எண்ணெய் பாட்டிலை அப்படியே சமையல் தராசுல வைங்க, எண்ணை மூடியிலயே எழுதுங்க. அடுத்த ஞாயிறு திரும்ப வைங்க. வித்தியாசத்தை ஆளுக்கும் ஏழு நாளுக்கும் வகுங்க. மூணு பேர் வீட்டுல வாரத்துக்கு 840 கிராம் குறைஞ்சா தலைக்கு நாளைக்கு 40 கிராம், அதாவது 3 மேசைக்கரண்டி. "நாங்க எண்ணெயே சேர்க்கிறதில்ல"ங்கிற வீட்டுலயும் மூடி பொய் சொல்லாது. பொரிச்சு மிச்சமான எண்ணெயைக் கொட்டினா அதையும் எடை போட்டுக் கழிச்சிடணும்.

தராசு | பிப்ரவரி 7, காலை 8.40

இது நான் சொன்னதைவிட மேல். பாட்டில் இரண்டு இருந்தால் இரண்டையும் வைக்க வேண்டும், "பூஜ்யம் கொலஸ்ட்ரால்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதையும் சேர்த்து. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. அந்த வாசகம் தண்ணீர் பாட்டிலில் "எலும்பில்லாதது" என்று அச்சடித்த மாதிரி.

வெறும்வயிறுக்கு முதல் பத்து வாரத்துக்கான அளவுகள்:

பழச்சாறு, தேன், பிஸ்கட் மூன்றும் பூஜ்யம். பழம் முழுசாக, நாளைக்கு இரண்டு. மென்று தின்னும் வேகத்தில் 300 மில்லி சாற்றுக்கு வேண்டிய பழத்தை அவ்வளவு சுலபமாக உள்ளே தள்ள முடியாது.

சோறு வேளைக்கு 150 கிராம், வெந்த எடையில். 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து. தட்டு நிறைய என்பது 350 கிராமுக்குக் குறையாது, அதாவது ஒரே வேளையில் 98 கிராம். 150 கிராம் என்றால் 42. அரிசியாக எடை போடுபவர்கள் கவனிக்க: வெந்தால் இரண்டரை மூன்று மடங்காகும், பச்சை எடையில் 50 முதல் 60 கிராம். ரொட்டியோ உருளைக்கிழங்கோ சாப்பிடுபவர்களுக்கும் இதே 40 கிராம் மாவுச்சத்துக் கணக்குதான். தட்டில் காலியாகும் இடத்துக்குக் காய், பருப்பு, பயறு.

எண்ணெய் 2 மேசைக்கரண்டி, நிறைவுறாதது. உப்பில்லாத கொட்டை வகை 30 கிராம், ஒரு கைப்பிடி. பாதாம், அக்ரூட் எதுவானாலும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தின்றால் அது 30 கிராமில் நிற்காது.

காலையில் ஓட்ஸ் ஒரு கிண்ணம். அதில் 3 கிராம் பீட்டா குளுக்கான் (ஓட்ஸிலுள்ள கரையும் நார்) கிடைத்துவிடும்.

அரைக்கரண்டி | பிப்ரவரி 7, காலை 9.25

கிடைக்காது. ஒரு கிண்ணம்னா காய்ஞ்ச எடையில 40 கிராம், அதுல ஒன்றரை கிராம்தான் வரும். 3 கிராம் வேணும்னா 75 கிராம். நம்ம ஆள் போடுறது "ரெண்டு கரண்டி".

தராசு | பிப்ரவரி 7, மதியம் 12.10

ஆமாம், தப்பு என்னுடையது. 75 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்தாலும் சரி. சின்ன உறைகளில் சர்க்கரை கலந்து வருவதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

பீட்டா குளுக்கான் வேலை செய்வது அதன் வழவழப்பால். கஞ்சி ஆறியதும் கரண்டியில் நூல் இழுக்கிறதே, அந்தப் பசை குடலில் பித்த அமிலத்தைச் சிறைபிடித்து வெளியே கொண்டு போகும். திரும்பப் பித்தம் தயாரிக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும். மாத்திரை இல்லாமல் அந்தக் கொக்கிகளை அதிகமாக்கும் வழிகளில் இது ஒன்று. கரையும் நார் நாளைக்கு 5 முதல் 10 கிராம் போனால் எல்டிஎல் 5 சதவீதம் போல் குறையும். ட்ரைகிளிசரைடில் இதன் கை பெரிதாக நீளாது. குழாய் வேறு.

ஓட்ஸ் ஒத்துவராதவர்களுக்கு இசப்கோல் உமி. 10 கிராம் என்பது இலக்கு, முதல் நாளே அல்ல. முதல் வாரம் 3 கிராம், ஒரு வேளை. வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிறு ஊதி நாலாம் நாளே டப்பா அலமாரிக்குப் போய்விடும். 250 மில்லி தண்ணீரில் தூவிக் கலக்கியதும் குடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் விட்டால் கரண்டி நிற்கும் அளவுக்குக் கூழாகிவிடும். உலர்ந்த உமியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது ஆபத்து, தொண்டையில் வீங்கி அடைக்கும். விழுங்கச் சிரமம் உள்ளவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்து எடுங்கள், பித்தம் சுரக்கும் நேரம் அதுதான். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி. தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம்.

வெறும்வயிறு | பிப்ரவரி 8, இரவு 8.45

மதுவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. வாரக் கடைசி மட்டும்னா பரவாயில்லையா?

தராசு | பிப்ரவரி 8, இரவு 9.00

ரத்தம் கொடுத்தது என்ன கிழமை?

வெறும்வயிறு | பிப்ரவரி 8, இரவு 9.04

திங்கள் காலை.

அரைக்கரண்டி | பிப்ரவரி 8, இரவு 9.05

வழக்கு முடிந்தது.

தராசு | பிப்ரவரி 8, இரவு 9.40

முடியவில்லை, 310 முழுவதையும் ஞாயிற்றுக்கிழமை தலையில் கட்ட முடியாது. ஆனால் பங்கு உண்டு. மதுவை எரிக்கும் வேலையில் கல்லீரல் இறங்கிவிட்டால் கொழுப்பை எரிப்பது நின்று, விஎல்டிஎல் ஏற்றுமதி கூடும். மதுவோடு பொரித்த பண்டமும் சேர்ந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் தனித்தனியாக இருப்பதைவிட மேலே போகும், நேரமும் நீளும். அடுத்த பரிசோதனை வரை பூஜ்யம். அதற்குப் பிறகு எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லட்டும்.

ரத்தம் கொடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். முந்தின மூன்று நாள் மது இல்லை. முந்தின நாள் விருந்தும் இல்லை, பட்டினியும் இல்லை, வழக்கமான சாப்பாடு. ஊசிக்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்றவை முடிந்த கையோடு கொடுத்தால் எல்டிஎல் பொய்யாகக் குறைந்து தெரியும், சில வாரம் தள்ளிப் போடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தாலும் ட்ரைகிளிசரைடு ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் 20 சதவீதம் ஆடும். 200 என்பது எந்த மாற்றமும் இல்லாமலே 165 ஆகவும் 235 ஆகவும் வரக்கூடும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம்.

பரிசோதனைக்கு முன் மூன்று நாள் மட்டும் இலை தழை தின்று அழகான எண் வாங்குபவர்கள் உண்டு. ட்ரைகிளிசரைடு சில நாளிலேயே அசையும் என்பதால் அது நடக்கும். எல்டிஎல் அந்த ஏமாற்றுக்கு மசியாது, மூன்று நாலு வாரம் கேட்கும்.

கோடைமழை | பிப்ரவரி 12, மாலை 6.30

எனக்கு ட்ரைகிளிசரைடு 780. மேலே உள்ள அளவுகளை நானும் பின்பற்றலாமா? மீன் எண்ணெய் மாத்திரை தினம் ஒன்று போடுகிறேன்.

தராசு | பிப்ரவரி 12, மாலை 7.05

வேண்டாம். 500க்கு மேல் ஆட்டம் வேறு. மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். கீழே எழுதுவது அதற்குப் பதில் அல்ல.

150க்குக் கீழே இயல்பு, 199 வரை எல்லை, 200 முதல் 499 அதிகம், 500இலிருந்து மிக அதிகம். 499 வரை கவலை இதயம். அதற்கு மேல் கணையமும் சேர்ந்துகொள்ளும், 1000ஐத் தாண்டினால் கணைய அழற்சி நிஜமான அபாயம். மேல்வயிற்றில் பொறுக்க முடியாத வலி வந்து முதுகுக்குப் பரவினால், வாந்தியும் சேர்ந்தால், வீட்டில் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.

ஏன் அளவு மாறுகிறது என்றால், கொழுப்பு உருண்டைகளைக் காலி செய்யும் நொதி ஒன்றுதான், விஎல்டிஎல்லுக்கும் கைலோமைக்ரானுக்கும் பொது. அந்த அளவில் நொதி நிரம்பி வழிகிறது. சாப்பிடும் கொழுப்பும் வரிசையில் நின்று தேங்கும். அதனால் வெறும்வயிறுக்குச் சொன்ன "எண்ணெயைத் திரும்பச் சேருங்கள்" உங்களுக்குத் தலைகீழ். 500 முதல் 999 வரை மொத்தக் கொழுப்பு கலோரியில் 20 முதல் 25 சதவீதம், 1800 கலோரிக்கு 40 முதல் 50 கிராம். 1000க்கு மேல் 10 முதல் 15 சதவீதம், அதாவது 20 முதல் 30 கிராம், எல்லா எண்ணெயும் அடக்கம். நல்ல எண்ணெய், கெட்ட எண்ணெய் பேதம் அங்கே எடுபடாது. மது முழுப் பூஜ்யம். சேர்க்கும் சர்க்கரை கலோரியில் 5 சதவீதத்துக்குக் கீழ், 1000க்கு மேல் அதுவும் இல்லை.

உங்களுக்குக் காரணத்தையும் தேட வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, சிறுநீரில் புரதம் போவது, இவற்றில் ஏதாவது இருந்தால் தட்டை எவ்வளவு மாற்றினாலும் பாதிதான் இறங்கும். ஸ்டீராய்டு, தயசைடு வகை நீர்மாத்திரை, வாய்வழி ஈஸ்ட்ரோஜன், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், சில மனநல மருந்துகள் இதை ஏற்றும். பட்டியலைப் பார்த்து நீங்களே எதையும் நிறுத்திவிடாதீர்கள், சாப்பிடும் மருந்துச் சீட்டு முழுவதையும் மருத்துவரிடம் நீட்டுங்கள்.

அரைக்கரண்டி | பிப்ரவரி 12, இரவு 8.15

மீன் எண்ணெய்க்கு நான் சொல்றேன். 1000 மில்லிகிராம்னு முன்னாடி பெருசா போட்ட மாத்திரையைத் திருப்பிப் பாருங்க. ஈபிஏ 180, டிஎச்ஏ 120 (ரெண்டும் மீன் எண்ணெயில வேலை செய்யற ஒமேகா 3), ஆக 300 தான் இருக்கும், சாதாரண வகையில. மிச்சம் 700 வேற கொழுப்பு. ட்ரைகிளிசரைடை 20, 30 சதவீதம் இறக்க ஈபிஏ டிஎச்ஏ சேர்ந்து 4 கிராம் வரை வேணும். 4000ஐ 300ஆல வகுத்தா 13 மாத்திரை. காலைச் சாப்பாடே அதுதான். கொழுப்பைக் குறைக்கச் சொன்ன இடத்துல 13 கிராம் எண்ணெய் கூடுது.

அந்த அளவுக்குச் செறிவான மருந்து வடிவம் உண்டு, மருத்துவர் எழுதித்தான் எடுக்கணும். அதிக அளவுல இதயத் துடிப்பு தாறுமாறாகுற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வாய்ப்பு கூடும், டிஎச்ஏ சிலருக்கு எல்டிஎல்லை ஏத்தும். ஆளி விதை இதுக்கு மாற்றுன்னு சொல்வாங்க. அதுல இருக்கிறது வேற ஒமேகா 3, உடம்பு அதை ஈபிஏவா மாத்துறது சொற்பம். நாருக்காகத் தின்னுங்க, ட்ரைகிளிசரைடுக்காக எதிர்பார்க்காதீங்க.

தராசு | பிப்ரவரி 13, காலை 6.20

கோடைமழை, உங்கள் ரிப்போர்ட்டில் "லைபீமிக்" என்று ஒரு குறிப்பு இருக்கிறதா பாருங்கள். குழாயில் சீரம் தெளிந்த வைக்கோல் நிறத்தில் இல்லாமல் பால் கலந்தது போல் இருந்தால் அப்படி எழுதுவார்கள். அந்தக் குழாயை ஒரு இரவு குளிரில் வைத்தால் மேலே ஏடு படிந்தால் கைலோமைக்ரான், முழுக்கச் சீராகக் கலங்கியே இருந்தால் விஎல்டிஎல். பழைய முறை, ஆனால் எதைத் தின்று வந்தது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி இல்லை.

தராசு | பிப்ரவரி 21, இரவு 10.10

முட்டைப் பத்தியைத் திரும்பப் படித்தபோது விட்டுப்போனது தெரிந்தது: காபி. கொட்டையிலுள்ள கஃபெஸ்டால் எல்டிஎல்லை ஏற்றும். காகித வடிதாள் அதைப் பிடித்துக்கொள்ளும். தூளைப் போட்டுக் கொதிக்கவைத்த காபியிலும் அழுத்திப் பிழியும் குடுவைக் காபியிலும் முழுசாக இறங்கிவிடும். நாளைக்கு நாலைந்து கோப்பை அப்படிக் குடிப்பவர்கள் முட்டையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது வேடிக்கை.

சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று விற்கப்படும் மாத்திரை பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு: அதில் உள்ள மோனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின்தான், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்து. அளவு தெரியாத மருந்தைச் சாப்பாடு என்று நினைத்துத் தின்பது அது. ஏற்கனவே ஸ்டாட்டின் எடுப்பவர் இதையும் சேர்த்தால் இரட்டை அளவாகிவிடும்.

கோடைமழை | பிப்ரவரி 22, காலை 7.00

தைராய்டு குறைவு என்று தெரிந்தது. மருந்து தொடங்கியாகிவிட்டது, கொழுப்பு 45 கிராமுக்குள். இசப்கோல் நாலு மணி நேரக் குறிப்பு சரியான நேரத்தில் கண்ணில் பட்டது.

அரைக்கரண்டி | மார்ச் 3, இரவு 11.00

சாப்பாட்டாலயே மாத்திரை அளவுக்கு எல்டிஎல் இறங்கும்னு ஒரு பேச்சு ஓடுதே, 28 சதவீதம்னு. உண்மையா?

தராசு | மார்ச் 4, காலை 5.50

எண் உண்மை. 2003இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு செய்தது. தாவர ஸ்டெரால் (கொலஸ்ட்ராலை ஒத்த தாவரப் பொருள்), வழவழப்பான நார், சோயாப் புரதம், பாதாம் நான்கையும் ஒரே தட்டில் சேர்த்து ஒரு மாதம் கொடுத்தார்கள். 28.6 சதவீதம் இறங்கியது. லோவாஸ்டாட்டின் எடுத்த குழுவில் 30.9.

ஆனால் சாப்பாட்டை அவர்களே கொடுத்தார்கள். அதே குழு 2011இல் வெறும் ஆலோசனை மட்டும் சொல்லி ஆறு மாதம் பார்த்தபோது 13, 14 சதவீதம். மாத்திரைக்குச் சமம் என்று பேசும்போது முதல் எண்ணைச் சொல்கிறார்கள், வீட்டுச் சமையலறைக்குப் பொருந்துவது இரண்டாவது. அதுவும் சின்ன விஷயமல்ல, 150 என்றால் 130க்கு வரும். 190க்கு மேல் எல்டிஎல் இருப்பவர்களுக்கு அது போதாது. பரம்பரைக் காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு, உணவால் மட்டும் முடியும் என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்கக் கூடாது.

வெறும்வயிறு | ஏப்ரல் 20, இரவு 9.15

பத்து வாரம் ஆச்சு. எடை 84ல இருந்து 79. வியாழக்கிழமை காலையில கொடுத்தேன், மது இல்ல. மொத்தம் 214, எச்டிஎல் 37, ட்ரைகிளிசரைடு 170, எல்டிஎல் 143.

ட்ரைகிளிசரைடு 140 இறங்கினது நம்பவே முடியல. ஆனா எல்டிஎல் 127ல இருந்து 143. ஏறிடுச்சே! எண்ணெயைச் சேர்த்ததாலயா? கொட்டையாலயா? நாளையிலருந்து ரெண்டையும் நிறுத்திடட்டுமா?

அரைக்கரண்டி | ஏப்ரல் 20, இரவு 9.17

பாட்டிலைக் கீழ வைங்க. பேனாவை எடுங்க.

தராசு | ஏப்ரல் 21, காலை 6.00

214 - 37 = 177. முன்பு 189, அதற்கு முன் 198.

எல்டிஎல் 127 என்று வந்தது ட்ரைகிளிசரைடு 310ஆக இருந்ததால். அன்று 62ஐக் கழித்த சூத்திரம் இன்று 34ஐத்தான் கழிக்கிறது. மேலே பிப்ரவரி 6ஆம் தேதிக் கணக்கைத் திருப்பிப் போட்டதுதான் இது. கணக்கு மட்டும் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்: தேங்கிக் கிடந்த விஎல்டிஎல் ஓடத் தொடங்கினால் அதில் ஒரு பகுதி எல்டிஎல்லாகவே மாறும். அதனால் 143இல் கொஞ்சம் நிஜமும் உண்டு. எது எப்படியானாலும் எல்லாப் பெட்டியும் சேர்ந்த எண் 12 இறங்கியிருக்கிறது, எச்டிஎல் 4 ஏறியிருக்கிறது. எடை 6 சதவீதம் போயிருக்கிறது. 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ட்ரைகிளிசரைடு 20 சதவீதம் போல் இறங்கும் என்பதால், மிச்சத்தைச் சாறும் தேனும் மதுவும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

எண்ணெயையும் கொட்டையையும் அப்படியே விடுங்கள். இனி எல்டிஎல் குழாய். ஓட்ஸ் உண்மையில் எத்தனை கிராம் போகிறது? நிறைவுற்ற கொழுப்பு 13 கிராமுக்குள் நிற்கிறதா? 143ஐயும் 177ஐயும் மருத்துவரிடம் காட்டி, வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை எல்லாம் வைத்து உங்கள் இலக்கு என்ன என்று கேளுங்கள். மாத்திரை வேண்டும் என்று சொன்னால் அது பத்து வாரம் தோற்றதாக ஆகாது.

வெறும்வயிறு | ஏப்ரல் 21, இரவு 8.30

ஓட்ஸை இப்பத்தான் எடை போட்டேன். ரெண்டு கரண்டி 22 கிராம்.

அரைக்கரண்டி | ஏப்ரல் 21, இரவு 8.33

பிப்ரவரி 7 காலை 9.25க்கு எழுதினதை யாராவது படிச்சீங்களான்னு அப்பவே சந்தேகம்.

தராசு | ஏப்ரல் 22, காலை 5.55

22இலிருந்து ஒரே தாவலில் 75 வேண்டாம், வயிறு ஊதும். இந்த வாரம் 40, இரண்டு வாரம் கழித்து 60, பிறகு 75. கூடும் ஓட்ஸுக்கு ஈடாக மதியச் சோற்றில் கைவையுங்கள்: 50 கிராம் ஓட்ஸில் 33 கிராம் மாவுச்சத்து, சோற்றில் 120 கிராம் கழிய வேண்டும். கழிக்காமல் சேர்த்தால் ஜூலையில் ட்ரைகிளிசரைடு ஏன் ஏறியது என்று புதிதாக ஒரு கேள்வி போட வேண்டிவரும்.